மின் நிலையமும் மீன் நிலையமும்: லேப்டாப் திரை பற்றி ஒரு கணக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அன்றிலிருந்து நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஒரு பழைய பஞ்சாயத்து மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், அவர்கள் வேலைக்குப் போனதும் தம்பிக்கு வந்தது. தம்பி இப்போது பி.காம். பொட்டியோ விண்டோஸ் 11-ஐ ஏற்காது. பேட்டரி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும். எது வாங்குவது?

அப்பா சொல்வது: "வாங்குறதே ஒரு தடவை. பெருசா வாங்கு." பையன் சொல்வது: "சின்னதா, எடுத்துட்டுப் போற மாதிரி வேணும்." கடைக்காரர் ரெண்டு பேரையும் பார்த்து, ஆஃபரில் இருக்கும் 15.6 இன்ச்சை எடுத்து மேஜை மேல் வைப்பார். அப்பா ஜெயிப்பார்.

இந்தச் சண்டையில் யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் திரையில் தமிழ் எப்படித் தெரியும் என்பது.

முதலில் பழைய கதை. தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. 14 இன்ச் திரை, 1366 × 768 புள்ளிகள். அந்தக் காலத்துக்கு அது குறையே இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் பெரும்பாலும் அதே திரைதான் கிடைத்தது. ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டால் (நீளப் புள்ளியின் வர்க்கம், உயரப் புள்ளியின் வர்க்கம் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, மூலைக்கு மூலை அங்குலத்தால் வகுக்க வேண்டும்... காமர்ஸ் மாணவர்கள் பயப்பட வேண்டாம், கால்குலேட்டர் போதும்) 112 வரும்.

அதற்கும் நாலு வருஷம் முன்னால், 2007 கடைசியில், அசூஸ் நிறுவனத்தின் ஈ பிசி 701 வந்தது. 7 இன்ச், 800 × 480, எடை ஒரு கிலோவுக்கும் கீழே. 'நெட்புக்' என்ற ஒரு ஜாதியையே அது உண்டாக்கியது. வேடிக்கை என்னவென்றால் அதன் திரை அங்குலத்துக்கு 133 புள்ளி. அதாவது பின்னால் வந்த 14 இன்ச்சைவிடக் கூர்மை. ஆனாலும் அதைக் கூர்மையான திரை என்று யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் இடம் இல்லை. அடுத்து வந்த 10 இன்ச் நெட்புக்குகளிலும் உயரம் 600 புள்ளிதான். பல புரோகிராம்களின் செட்டிங்ஸ் பெட்டி அதைவிட உயரம். 'ஓகே' பட்டன் திரைக்குக் கீழே எங்கேயோ பூமிக்குள் இருக்கும். டேப் சாவியைத் தட்டித் தட்டி, குத்துமதிப்பாக என்டர் அடிக்க வேண்டும்.

ஆகக் கூர்மை வேறு, இடம் வேறு. கடையில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து 'ஃபுல் ஹெச்டி சார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

இனி தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் சின்ன 'ஓ' எழுத்தை வரைய குறைந்தபட்சம் மூன்று புள்ளி அகலம் போதும்: ஒரு கோடு, ஒரு வெற்றிடம், ஒரு கோடு. தமிழ் 'ண'வுக்கு மூன்று சுழி. ஒவ்வொரு சுழிக்கும் கோடு, வெற்றிடம், கோடு, அப்புறம் அடுத்ததற்குப் போகிற வளைவு. 12 பாயின்ட் எழுத்து, பழைய திரையில் 16 புள்ளி உயரக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். அதில் மேலே விலங்குக்கும் புள்ளிக்கும் இடம், கீழே கொக்கிக்கு இடம் என்று விட்டது போக, எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது அதில் பாதி சொச்சம். அதற்குள் மூன்று சுழியை அடைத்தால் கறுப்பாக ஒரு கட்டி தெரியும். படிக்கிறவர் வாக்கியத்தை வைத்து அது பணமா பனமா என்று ஊகித்துக்கொள்கிறார்.

சுழி அகலத்தில் நெருங்கினால்கூடப் பரவாயில்லை. எக்ஸ்பியோடு 2001-ல் வந்த கிளியர்டைப், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்திப் பக்கவாட்டில் கூர்மையைக் கூட்டும். ஆனால் அந்தத் துண்டுகள் பக்கவாட்டில்தான் அடுக்கியிருக்கின்றன, மேல் கீழாக இல்லை. தமிழின் தலைவலியோ எழுத்துக்கு மேலே. மேல்விலங்குக்கும் மேல்விலங்குச்சுழிக்கும் வித்தியாசம் ஒரே ஒரு குட்டிச் சுழி. அந்தச் சுழிக்குள் ஒரு வெற்றுப் புள்ளியாவது விழுந்தால்தான் அது சுழி. விழாவிட்டால் 'மின்' என்பதும் 'மீன்' என்பதும் ஒன்றுதான்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். சின்ன எழுத்தில், மங்கலான திரையில், 'அனல் மின் நிலையம்' 'அனல் மீன் நிலையம்' ஆகிவிடும். (வறுத்த மீனுக்கு நல்ல பெயர்தான் :-)) ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் அதே கதி. 'கெடு' தேதியும் 'கேடு' தேதியும் ஒரே மாதிரி தெரிந்தால் வருமான வரிப் பாடம் படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்!

இதில் ஒரு பழைய ஒற்றுமை இருக்கிறது. ஓலைச்சுவடி காலத்தில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று, பல ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எகர, ஏகார வேறுபாடும் எழுத்தில் சரியாகத் தெரியாது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து அதைப் பிரித்தார். ஏடு படிப்பவர்கள் இடம் பார்த்து ஊகித்துப் படித்தார்கள், அது ஒரு தனிப் பயிற்சியாகவே இருந்தது. அச்சு வந்து அந்தச் சிரமத்தைத் தீர்த்தது. பிறகு கணினித் திரை வந்து அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றால் மிகையில்லை. பதினைந்து இருபது வருஷமாக லதா எழுத்துருவில் யூனிகோட் தமிழைப் படித்துப் பழகியவர்கள், கண் வலித்தால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். குறை திரையில் இருக்கிறது என்று நினைக்கவே இல்லை.

நினைக்க வைத்தது செல்போன். 6.5 இன்ச்சில் 1080 × 2400 புள்ளி என்றால் அங்குலத்துக்கு 405. அதில் அச்சடித்த மாதிரி தமிழ் படித்துவிட்டு, அதே பக்கத்தைப் பழைய லேப்டாப்பில் திறந்தால் கண்ணாடி போட வேண்டுமோ என்று சந்தேகம் வருகிறது.

ஆகவே ஆங்கிலம் மட்டும் படிக்கிறவருக்கு 1366 × 768 சுமார். தமிழ் படிக்கிற, தமிழ் தட்டச்சு செய்கிற ஒருவருக்கு அது இனிமேல் வேண்டவே வேண்டாம். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. இது சொகுசு சம்பந்தப்பட்டது அல்ல, எழுத்தை எழுத்தாகப் பார்ப்பது சம்பந்தப்பட்டது.

அப்படியென்றால் எவ்வளவு கூர்மை போதும்? இங்கேதான் விளம்பரக்காரர்கள் ஒருபக்கம் இழுக்கிறார்கள். சாதாரணமாக நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண அளவில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும். லேப்டாப்பை 50 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் அது 0.145 மி.மீ. அங்குலத்துக்கு 175 புள்ளி. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 145 புள்ளியே போதும். இருபது வயதுக் கண்ணுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

14 இன்ச்சில் 1920 × 1080 என்றால் 157. 13.3 இன்ச்சில் அதே புள்ளிகள் 166. இந்த இரண்டும் சரியாக அந்த எல்லைக்குள் நிற்கின்றன. 15.6 இன்ச்சில் அதே ஃபுல் ஹெச்டி 141-க்கு இறங்கிவிடுகிறது. அப்பா வாங்கச் சொன்ன பெரிய திரை, அதே காசுக்கு, கூர்மை குறைந்த திரை! அவரிடம் இதைச் சொல்லி ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் பாராட்டலாம்.

எல்லைக்கு மேலே போனால்? 14 இன்ச்சில் 2880 × 1800 என்றால் 243. அழகாகத்தான் இருக்கும். ஆனால் 112-லிருந்து 157-க்குத் தாவும்போது 'மீன்' 'மின்'னிலிருந்து பிரிகிறது. 157-லிருந்து 243-க்குப் போகும்போது பிரிய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை, ஓரங்கள் இன்னும் வழவழப்பாகின்றன, அவ்வளவுதான். அதற்கு விலையும் உண்டு. எல்சிடி திரையில் புள்ளிகள் நெருங்க நெருங்கப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை அவை அதிகம் மறைக்கும். அதே பிரகாசம் வேண்டுமென்றால் விளக்கைக் கூட்ட வேண்டும், பேட்டரி அந்த அளவுக்குக் குறையும்.

ஒரு பொறி வேறு இருக்கிறது. ஃபுல் ஹெச்டி 14 இன்ச்சை வாங்கி வந்து திறந்தால் விண்டோஸ் பெரும்பாலும் தானாக 150 சதவீத அளவில் வைத்திருக்கும். அப்போது இடம் என்ற கணக்கில் அது 1280 × 720-க்குச் சமம். பழைய இலவச லேப்டாப்பில் 1366 × 768. அதாவது புதுசில் எக்செல் திறந்தால் பழசைவிடக் கட்டங்கள் குறைவாகத் தெரியும். "ஏமாத்திட்டானா?" என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம். அங்கே எழுத்து பழைய அளவிலேயே இருக்கிறது, 16-க்குப் பதில் 24 புள்ளியில் வரையப்படுகிறது. கூர்மைக்குப் போன புள்ளிகள் இடத்துக்குக் கிடைக்காது. 125 சதவீதத்துக்கு இறக்கினால் 1536 × 864. எழுத்து கொஞ்சம் சிறுக்கும், ஆனால் 20 புள்ளியில் 'ண' தெளிவாகவே இருக்கும். இடமும் வரும், கூர்மையும் வரும். இரண்டு வருஷம் வைத்திருந்தும் இந்த ஒரு செட்டிங்கைத் தொடாதவர்கள் நிறையப் பேர்.

முடிந்தால் 1920 × 1200. பக்கவாட்டில் ஒன்றும் கூடாது, உயரத்தில் 120 புள்ளி கூடும். எக்செல்லில் ஒரு வரிசை வழக்கமாக 20 புள்ளி என்பதால், 125 சதவீதத்தில் நாலைந்து வரிசை உபரி. பேரேடு ஓட்டிப் பார்க்கிறவனுக்கு நாலைந்து வரிசை பெரிய விஷயம்.

இனி எடை. கடை மேஜை மேல் எடை தெரியாது. வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் போகிற பஸ்ஸில், படிக்குப் பக்கத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கும்போது தெரியும். இல்லையென்றால் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. பையில் ஏற்கெனவே ரெட்டி - மூர்த்தி ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் இருக்கிறது. (தமிழ்நாட்டில் பி.காம் படித்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தின் தடிமனைச் சொல்லத் தேவையில்லை.) டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில். இதற்கு மேல் 15.6 இன்ச் பொட்டியும் அதன் செங்கல் சார்ஜரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். முதல் வாரம் காலேஜுக்குப் போகும். இரண்டாம் வாரம் செமினார் அன்றைக்கு மட்டும் போகும். மூன்றாம் மாதத்திலிருந்து அது வீட்டு மேஜையில் படம் பார்க்கும் பெட்டி.

எடையைப் பற்றிப் பேசும்போது கடைக்காரர் சொல்லும் எண்ணோடு சார்ஜரையும் கூட்ட வேண்டும். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகிற மாடல் என்றால், போனுக்கும் அதற்கும் ஒரே சார்ஜர் போதும், கால் கிலோ மிச்சம். இருநூறு, முன்னூறு கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் ஒரு வாரம் தினமும் அதைத் தோளில் மாட்டிப் பார்க்கட்டும்.

பேட்டரியும் எடுத்துப் போவதில் சேர்ந்ததுதான். தென்னிந்தியாவுக்கே மின்சாரம் அனுப்புகிற ஊரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஒரு பிளக் பாயின்ட் கிடையாது! வெளிச்சமும் அப்படியே. ஜன்னலோர சீட்டில் பத்து மணி வெயில் திரையில் விழும்போது 250 நிட்ஸ் திரையில் தெரிவது சொந்த முகம் மட்டுமே. பளபளக்காத மேட் திரை, 300 நிட்ஸுக்கு மேல் என்பது, நெய்வேலி - கடலூர் வெயிலில் 243 புள்ளிக் கூர்மையைவிட எத்தனையோ மேல். எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் தெரியாத எழுத்தைப் படிக்க முடியாதே.

பெரிய திரை வேண்டும் என்கிற கட்சிக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 15.6 இன்ச்சில்தான் வலது பக்கம் தனியாக எண் விசைப்பலகை வரும். டாலியில் வவுச்சர் போடுகிறவருக்கு அது இல்லாமல் கை ஓடாது. மேல் வரிசை எண்களை ஒவ்வொன்றாகத் தேடி அடித்து ஜிஎஸ்டி பில் போடுவது தண்டனை. ஆனால் யூஎஸ்பியில் சொருகும் தனி நம்பர் பேட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம், பஸ்ஸில் யாரும் வவுச்சர் போடுவதில்லை.

பெரிய திரையையும் அப்படியே வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நெய்வேலிக்கே தெரிந்த யோசனைதான் இது. பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை ரயிலில் ஏற்றித் தூர ஊர்களுக்கு அனுப்பினால் பாதி சரக்கு தண்ணீராகத்தான் போகும். அதனால் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே அனல் மின் நிலையம் கட்டினார்கள். கனமானது இருந்த இடத்திலேயே இருக்கிறது, கம்பி வழியாக மின்சாரம் மட்டும் பயணம் போகிறது. 1957-ல் சுரங்கம் வெட்டத் தொடங்கி, 1962-லேயே முதல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கிய ஊர் இது. அதே மாதிரி, 21.5 இன்ச் மானிட்டர் ஒன்று வீட்டு மேஜையில் இருக்கட்டும். அங்குலத்துக்கு 102 புள்ளிதான், ஆனால் எட்டி உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்வதால் உறுத்தாது. தோளில் ஏறுவது சின்னது மட்டும்.

பட்ஜெட் இடிக்கிறவர்களுக்கு செகண்ட் ஹேண்ட் ஒரு நல்ல வழி, அங்கே கவனிக்க வேண்டியதும் திரையைத்தான். உதாரணத்துக்கு 2018-ல் வந்த திங்க்பேட் எக்ஸ்280. 12.5 இன்ச், பொடியான மெஷின், எட்டாம் தலைமுறை இன்டெல் என்பதால் விண்டோஸ் 11 முறையாகவே ஓடும். ஆனால் அதே மாடல் இரண்டு திரையோடு விற்கப்பட்டது: 1366 × 768 ஒன்று, 1920 × 1080 ஒன்று. முதலாவது 125 புள்ளி, இரண்டாவது 176. வெளியே பார்த்தால் இரட்டைப் பிறவிகள். விற்கிறவர் பிராசசர், ராம், எஸ்எஸ்டி எல்லாம் எழுதுவார், திரையின் புள்ளிக் கணக்கை எழுத மாட்டார். எழுதவில்லை என்றால் பெரும்பாலும் முதலாவதுதான். (ராம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், பிறகு கூட்ட முடியாது. அதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.)

அரசாங்கமும் அப்போது இந்தக் கேள்வியை மாணவர்கள் பக்கமே தள்ளியது. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள். கைக்கணினி எடை குறைவு, திரையும் பொதுவாகக் கூர்மை. தமிழ் படிக்க அதை அடிக்க ஆளில்லை. ஆனால் டாலி அதில் ஓடாது, எக்செல் முழுசாக ஓடாது. இலக்கிய மாணவருக்கு அது சரியான கருவியாக இருக்கலாம், பி.காம் மாணவருக்கு அது பெரிய போன்.

கடைக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்தால் போதும். பெரும்பாலும் அங்கே டெமோவுக்கு ஓடுவது கிளி, அருவி, கார். அதை நிறுத்திவிட்டு ஒரு தமிழ் நாளிதழின் இணையப் பக்கத்தைத் திறந்து, பிரவுசரை 100 சதவீதத்தில் வைத்து, ஒரு கை தூரம் தள்ளி நின்று நாலு பத்தி வாசிக்க வேண்டும். ணகரத்தில் மூன்று சுழியும் தெரிகிறதா, மின்னும் மீனும் தனித்தனியாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மூடி, ஒரு கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, அப்பாவின் கையிலும் அப்படியே ஒரு தடவை கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் 15.6-ஐயும் தூக்கிப் பார்க்கச் சொல்லலாம்.